பள்ளிக்கூடத்துல இருந்து ஒரு கடுதாசி

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். உச்சிப்புளி ஸ்டேஷன்ல இறங்கி, வீட்டுக்குப் போயி, ஒரு சொம்பு தண்ணியக் குடிச்சிட்டு திண்ணையில சாயல, அதுக்குள்ள தங்கச்சி ஒரு பேப்பரைக் கொண்டாந்து நீட்டுறா.

"அண்ணே, மகன் பள்ளிக்கூடத்துல குடுத்து விட்டுருக்காக. இதுல என்னண்ணே சொல்லியிருக்காக?"

வாங்கிப் பார்த்தேன். ஏறக்குறைய இப்படி இருந்துச்சு:

"பெற்றோர் / பாதுகாவலர்கள் அனைவருக்கும் தெரிவிக்கப்படுவது யாதெனில், பார்வையில் காணும் செயல்முறைகளின்படி எதிர்வரும் வெள்ளியன்று பிற்பகல் நடைபெறவுள்ள பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், பள்ளி மேம்பாடு சார்ந்த பொருண்மைகள் குறித்துத் தீர்மானங்கள் இயற்றப்படவுள்ளமையால், தவறாது கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

என் தங்கச்சி பத்தாவது பாஸ். வாரப் பத்திரிகைத் தொடர்கதையை ஒண்ணு விடாமப் படிச்சவ. அவளுக்கே இது புரியலை. அவ கேட்ட அடுத்த கேள்விதான் என்னை இந்தப் பதிவை எழுத வச்சது.

"இவன் எதுவும் சேட்டை பண்ணிட்டானோ?"

பாருங்க மக்களே, கழிப்பறைக்குத் தண்ணி வரணும், சுத்துச்சுவர் கட்டணும்னு பேசக் கூப்பிட்ட கடிதம் அது. அதை வாங்குன அம்மாவுக்கு மனசுல வந்தது பயம். ஏன்னா பள்ளிக்கூடத்துல இருந்து வீட்டுக்குக் காகிதம் வந்தா ஒண்ணு பணம் கேட்டு வரும், இல்ல புகார் சொல்லி வரும். மூணாவதா ஒண்ணு வந்து நம்ம ஊர்ல யாரும் பார்த்ததில்லை.

சரி, மேட்டருக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன்.

நான் எட்டாவது படிச்சப்போ நாலு நாள் பள்ளிக்கூடம் போகலை. அரியமான் பக்கம் கரைவலை இழுக்கப் போயிட்டேன். கூட நின்னு கயிறு பிடிச்சா கொஞ்சம் மீன் பங்கு தருவாங்க. அஞ்சாவது நாள் போனப்ப சார் ஒரு கடுதாசி எழுதி, மடிச்சு, என் கையிலேயே குடுத்தார். அம்மாகிட்ட குடுத்துட்டு, அவங்களைக் கூட்டிக்கிட்டு வரணும்.

எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கிடுகு முடைஞ்சுக்கிட்டு இருந்தவங்க, கையைத் துடைச்சிட்டு "படிடா"ன்னாங்க.

யார் படிக்கணும்? நானே! குற்றவாளியே குற்றப்பத்திரிகை வாசிக்கிற கதை :-)

படிச்சேன். "தங்கள் மகன் நன்றாகப் படிக்கிறான். கணக்கில் கெட்டிக்காரனாக இருக்கிறான்." சத்தமா, நிறுத்தி நிதானமாப் படிச்சேன். அம்மா முகத்தைப் பார்க்கணுமே! அந்தக் காகிதத்தை வாங்கி சாமி படத்துக்குப் பின்னாடி செருகி வச்சாங்க. அன்னைக்கு ராத்திரி வாங்கி வச்ச மீன்ல நடுத்துண்டு எனக்கு.

பத்து நாள் ஓடிச்சு. பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தவங்க ராமநாதபுரத்துல காலேஜ் படிச்சவங்க. அவங்ககிட்ட பெருமையா எடுத்துக் காட்டியிருக்காங்க அம்மா. அந்த அக்கா உள்ளதை உள்ளபடி படிச்சிருச்சு.

அடி விழும்னு நினைச்சேன். விழலை. அம்மா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. "அம்புட்டு பெரிய ஸ்கூல்ல இருந்து நல்லதா ஒரு கடுதாசி வந்துருக்குன்னு நெனச்சேன்டா."

நான் நாலு நாள் மட்டம் போட்டது அவங்களுக்குப் பெருசாத் தெரியலை. நல்லதாச் சொல்லி ஒரு கடுதாசி வரவே இல்லைங்கிறதுதான் வலிச்சிருக்கு. அது எனக்குப் புரிய இருபது வருஷம் ஆச்சு.

இப்ப விஷயத்துக்கு வருவோம்.

அமெரிக்காவுல 'சார்ட்டர் ஸ்கூல்'னு ஒரு வகை உண்டு. 1991ல மினசோட்டா மாநிலத்துலதான் முதல்ல இதுக்குச் சட்டம் போட்டாங்க. பணம் அரசாங்கத்தோடது, நடத்துறது தனி நிர்வாகம், பிள்ளையச் சேர்க்குறதா வேணாமான்னு வீட்டுல உள்ளவங்க முடிவு பண்றது. அதனால அங்க வீட்டுக்குப் போற செய்திக் கடிதத்தை ஒரு முக்கியமான வேலையா நினைக்கிறாங்க. நம்ம ஊர்ல இதுக்குக் கிட்டக்க வர்றது அரசு உதவி பெறும் பள்ளி. ஆனா நிலைமையைப் பார்த்தா இன்னைக்கு எல்லா அரசுப் பள்ளிக்கும் அதே கதைதான். பிரப்பன்வலசை, இருமேனி, புதுமடம்னு எந்த ஊருக்குள்ள போனாலும் காலையில மஞ்ச வேன் வந்து நிக்குது. டை கட்டுன பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போகுது. அந்தத் தனியார் பள்ளிக்காரங்க கலர் நோட்டீஸ் அடிச்சு வீடு வீடா குடுக்குறாங்க. நம்ம அரசுப் பள்ளி என்ன குடுக்குது? "தெரிவிக்கப்படுவது யாதெனில்."

அரசு ஒண்ணுமே செய்யலைன்னு சொல்ல வரலை. 2022ல பள்ளிக் கல்வித்துறை சின்னப் பிள்ளைகளுக்கு 'ஊஞ்சல்', பெரிய பிள்ளைகளுக்கு 'தேன்சிட்டு', ஆசிரியர்களுக்கு 'கனவு ஆசிரியர்'னு மூணு இதழ் கொண்டு வந்துச்சு. நல்ல காரியம். பிள்ளைக்கு ஒண்ணு இருக்கு, வாத்தியாருக்கு ஒண்ணு இருக்கு. இந்த மூணுல வீட்டுக்குன்னு ஒண்ணு இல்லை பாருங்க.

சட்டம் என்ன சொல்லுது? 2009ம் வருஷத்து கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 21வது பிரிவு. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலயும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கணும், அதுல நாலுல மூணு பங்கு பெற்றோர், மொத்தத்துல பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்குதுன்னு பார்க்குறது, மேம்பாட்டுத் திட்டம் போடுறது, வர்ற பணம் எப்படிச் செலவாகுதுன்னு கவனிக்கிறது எல்லாம் அவங்க வேலை. தமிழ்நாட்டுல 2022ல இந்தக் குழுக்களைப் புதுசா அமைச்சாங்க. 2024ல மறுபடி அமைச்சப்ப முன்னாள் மாணவர்களுக்கும் இடம் குடுத்தாங்க.

அதாவது சட்டப்படி என் தங்கச்சி அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு முதலாளி மாதிரி. முதலாளிக்கு எழுதுற கடுதாசியா அது? கோர்ட்டு சம்மன் மாதிரில்ல இருக்கு!

"எழுதிக் குடுத்தா மட்டும் வந்து கிழிச்சிருவாங்களா? இந்த ஜனங்களுக்குக் கூட்டத்துக்கெல்லாம் வரத் தெரியாது"ன்னு ஒரு நண்பர் சொன்னார். அவர் ஆசிரியர், நல்ல மனுசன், சலிப்புல சொல்றார். ஆனா எனக்கு இதுல உடன்பாடு இல்லை. பாம்பன் சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்குற பெண்களைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. மாசத்துல 12 நாள் மட்டும்தான் பாசி எடுக்கணும்னு தங்களுக்குள்ள கூடிப் பேசி கட்டுப்பாடு வச்சவங்க. அவங்கள்ல ஒருத்தரான லட்சுமி மூர்த்திக்கு 2015ல சீகாலஜி விருது கிடைச்சது, அமெரிக்கா போய் வாங்குனாங்க. கூட்டம் போட்டு, விதி வகுத்து, அந்த விதிப்படி கடல்ல இறங்குற பொம்பளைங்க இருக்குற கரை இது. இவங்களுக்கா கூட்டத்துக்கு வரத் தெரியாது? எப்போ, எதுக்கு, வந்தா என்ன ஆகும்னு யாரும் சொல்லலை. அம்புட்டுத்தான்.

அப்ப எப்படி எழுதணும்? எனக்குத் தோணுனதைச் சொல்றேன். நான் வாத்தியார் இல்லை. காகிதத்தை வாங்குற பக்கத்துல நின்னவன்.

1. பிள்ளை படிச்சுக் காட்டப் போகுதுன்னு நினைச்சு எழுதணும்.

இதுதான் முதல் விதி. 2011 கணக்கெடுப்புப்படி ராமநாதபுரம் மாவட்டத்துல எழுத்தறிவு 80 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. அதாவது அஞ்சுல ஒருத்தருக்குப் படிக்கத் தெரியாது. வயசான பாட்டிங்க வளர்க்குற பிள்ளைங்க வீட்டுல நிலைமை இன்னும் மோசம். அங்கெல்லாம் கடிதத்தைப் படிக்கிறது கண்ணு இல்ல, காது. நாலாங்கிளாஸ் பிள்ளை திக்காமப் படிக்கிற மாதிரி வாக்கியம் இருக்கணும். எழுதுனவர் ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சுப் பார்த்தாப் போதும். மூச்சு வாங்குனா வெட்டிடுங்க.

இன்னொண்ணு. புகாரை அந்தப் பிள்ளை கையிலேயே குடுத்து விடாதீங்க. என்ன நடக்கும்னு மேல சொல்லிட்டேன் :-)

2. நல்லதை முதல்ல சொல்லணும்.

ஒவ்வொரு கடிதத்துலயும் ரெண்டு மூணு பிள்ளைங்க பேரு, அவங்க செஞ்ச ஒரு காரியம். முதல் ரேங்க் எடுத்தவன் பேரையே திரும்பத் திரும்பப் போடக் கூடாது. செடிக்குத் தண்ணி ஊத்துனவன், ரெண்டாங்கிளாஸ் பிள்ளையை ரோட்டைக் கடத்தி விட்டவ, புதுசா வந்த பிள்ளையைச் சேர்த்துக்கிட்டு விளையாடுனவன். வருஷம் முடியுறதுக்குள்ள எல்லாப் பிள்ளை பேரும் ஒரு தடவையாவது வந்துடணும். ஒரு பதிவேட்டுல டிக் பண்ணிக்கிட்டே வந்தா யாரும் விட்டுப் போக மாட்டாங்க. அந்தக் காகிதம் சாமி படத்துக்குப் பின்னாடி போகும். இந்தத் தடவை நிஜமாவே.

3. ஒரு கடிதத்துக்கு ஒரு வேலை.

கூட்டம், உதவித்தொகை, வங்கிக் கணக்கு, ஆதார், சுகாதார முகாம் எல்லாத்தையும் ஒரே தாள்ல திணிச்சா எதுவும் மண்டையில நிக்காது. வீட்டுல உள்ளவங்க செய்ய வேண்டியது ஒண்ணு, அதுக்குத் தேதி, நேரம், என்ன கொண்டு வரணும். பணம்னா எவ்வளவு, எதுக்கு, கட்டாயமா இல்லையா. பணம் வேண்டாம்னா "பணம் வேண்டாம்"னு பளிச்சுன்னு எழுதணும். அந்த ரெண்டு வார்த்தையைப் பார்த்தா பாதிப் பேருக்கு மூச்சு வரும்.

4. கடலோட காலண்டரைப் பார்க்கணும்.

ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் விசைப்படகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் கணக்குல வாரத்துல மூணு நாள் போகும். போனா மறுநாள்தான் கரை. படகு போற நாள்ல அப்பாவைக் கூப்பிட்டா எப்படி வருவார்? ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுல போற அப்பாக்கள் வீட்டோட இருக்குறது அப்பதான். ஆனா பள்ளிக்கூடம் அதுல முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கும்! ஏப்ரல்ல லீவு விடுறதுக்கு முன்னாடி ஒரு கூட்டமும் ஒரு கடிதமும் வச்சா, வருஷம் பூரா வராத அப்பாக்கள் வருவாங்க. கோடை விடுமுறையில பிள்ளையோட என்ன செய்யலாம்னு அதுலயே சொல்லலாம். ஒன்பதாவது, பத்தாவது பையன்களை "சும்மாதானே இருக்கான்"னு வேலைக்கு இழுத்துட்டுப் போறதும் அந்த லீவுலதான். போனவங்கள்ல சில பேர் திரும்பி வர்றதில்லை. என் கிளாஸ்லயே இருந்தாங்க.

5. லீவு கணக்கைத் திட்டாமச் சொல்லணும்.

இதுக்கு ஒரு ஆராய்ச்சி இருக்கு. டாட் ரோஜர்ஸ், அவி ஃபெல்லர்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல பிலடெல்பியா நகரத்துல 28,000க்கு மேல குடும்பங்களை வச்சு சோதனை பண்ணி 2018ல முடிவை வெளியிட்டாங்க. உங்க பிள்ளை இந்த வருஷம் மொத்தம் இத்தனை நாள் வரலைன்னு வீட்டுக்குத் தபால்ல ஒரு கடிதம், அம்புட்டுத்தான். அளவுக்கு மீறி லீவு போடுற பிள்ளைகளோட எண்ணிக்கை பத்து சதவீதமோ அதுக்கு மேலயோ குறைஞ்சது. காரணம் என்னன்னா, பெத்தவங்க பிள்ளை போட்ட லீவைக் குறைச்சலாத்தான் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. கொடைக்கு ஒரு நாள், கந்தூரிக்கு ஒரு நாள், காய்ச்சலுக்கு ரெண்டு நாள், சித்தி வளைகாப்புக்கு ஒரு நாள்னு தனித்தனியாப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. கூட்டிச் சொன்னாத்தான் பகீர்ங்கும். "ஜூன்ல இருந்து இன்னைக்கு வரைக்கும் 14 நாள் வரலை. உடம்புக்கு எதுவுமா? நாங்க ஏதாவது செய்யணுமா?" இப்படி எழுதுனா போதும். இதை மட்டும் கவர்ல போட்டு அந்தந்த வீட்டுக்குத் தனியா அனுப்பணும். நோட்டீஸ் போர்டுல ஒட்டி மானத்தை வாங்கக் கூடாது.

6. வாட்ஸப் வேணும், ஆனா வாட்ஸப் மட்டும் போதாது.

"குரூப்ல போட்டாச்சே"ங்கிறாங்க. போன் யார்கிட்ட இருக்கு? படகுல போற மனுசன்கிட்ட. குரூப்ல நூறு குட்மார்னிங்குக்குக் கீழ அந்தச் செய்தி புதைஞ்சு கிடக்கும். ஆனா ஒரு நல்லதும் இருக்கு. நம்ம பக்கம் நிறையப் பிள்ளைங்களோட அத்தா வளைகுடாவுல இருக்காங்க. அவங்களுக்குத் தாள் போய்ச் சேராது. டீச்சர் அதே கடிதத்தைத் தன் குரல்ல வாசிச்சு ரெண்டு நிமிஷ ஆடியோவா அனுப்பினா, துபாய்ல அறையில படுத்துக்கிட்டு மகன் பேரைக் கேட்பார் அந்த மனுசன். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அதுவே உதவும். பிள்ளை மாத்திப் படிக்கவும் முடியாது!

7. பதில் வாங்கணும்.

தாளுக்கு அடியில கிழிச்சுக் குடுக்குற மாதிரி ஒரு துண்டு. அதுல ஒரே ஒரு கேள்வி. "கூட்டத்துக்கு எந்த நாள் தோதுப்படும்?" "பிள்ளை வீட்டுல எங்க உட்கார்ந்து படிக்குது?" அப்புறம் வந்த பதில்ல ஒண்ணை அடுத்த கடிதத்துல போட்டு, அதுக்காக என்ன செஞ்சோம்னு சொல்லணும். நாமெல்லாம் பின்னூட்டத்துக்குப் பதில் போடாட்டி எப்படிக் கோவிச்சுக்கிறோம்? அதே கதைதான்.

சரி, வாய்ச்சவடால் மட்டும் விட்டா எப்படி? தங்கச்சி குடுத்த அந்தக் கடிதத்தை நானே திருப்பி எழுதிப் பார்த்தேன்:

"வீட்டுல உள்ளவங்களுக்கு வணக்கம்.

இந்த மாசம் நாலாம் வகுப்புப் பிள்ளைங்க நம்ம ஊர்ல எத்தனை கிணத்துல நல்ல தண்ணி இருக்கு, எத்தனை உப்புன்னு கணக்கெடுத்தாங்க. கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க.

வர்ற வெள்ளிக்கிழமை மதியம் 3 மணிக்கு நம்ம பள்ளிக்கூடத்துல கூட்டம். ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும். பிள்ளைங்க கழிப்பறைக்குத் தண்ணி சரியா வரலை. என்ன செய்யலாம்னு உங்களைக் கேட்டுத்தான் முடிவு பண்ணணும்.

அம்மா, அப்பா, பாட்டி, தாத்தா யார் வேணும்னாலும் வரலாம். கைப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டும் வரலாம். பணம் வேண்டாம்.

வர முடியலைன்னா உங்க யோசனையைக் கீழ எழுதி அனுப்புங்க. பிள்ளைகிட்டச் சொன்னாலும் எழுதிக்குவாங்க."

மருமகன்கிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னேன். அஞ்சாங்கிளாஸ். ஒரு இடத்துல கூட நிக்கலை. தங்கச்சி கேட்டுட்டு, "இம்புட்டுத்தானா? இதுக்கா நான் பயந்து கிடந்தேன்?"ன்னா. அந்த வெள்ளிக்கிழமை போகவும் செஞ்சா. போயி, போர் போட்டா உப்புத்தண்ணிதான் வரும், மழைத்தண்ணியச் சேர்த்து வைக்கத் தொட்டி கட்டுங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கா. நடக்குமா நடக்காதான்னு போகப் போகத்தான் தெரியும்.

ஆசிரியர் நண்பர்கள் இதைப் படிச்சா என்னை அடிக்க வரலாம். "எமிஸ்ல ஏத்துறது, அந்தப் பதிவேடு, இந்தப் பயிற்சி, இதுக்கு நடுவுல பாடமும் நடத்தணும். இதுல மாசாமாசம் உனக்கு லவ் லெட்டர் வேற எழுதணுமா?" ஞாயமான கேள்வி. ரெண்டே டீச்சர் இருக்குற தொடக்கப் பள்ளிக்குப் போயி இதையும் செய்யுங்கன்னா அது அநியாயம். மேலிடத்துக்கு அனுப்புற அறிக்கை மொழியிலேயே வருஷம் முழுக்க எழுதுறவங்களுக்கு, வீட்டுக்கு எழுதும்போதும் அதே மொழி வர்றது அவங்க தப்பும் இல்லை.

அதனாலதான் இதை உங்ககிட்ட சொல்றேன் மக்களே. ஆணி புடுங்குற நேரம் போக மிச்ச நேரத்துல நாம என்ன பண்றோம்? மொக்கை போடுறோம், கும்மி அடிக்கிறோம், சினிமா விமர்சனம் எழுதுறோம். படிக்கிற மாதிரி நாலு வரி எழுதத் தெரியும்ங்கிறதுதானே நம்மளோட ஒரே தகுதி? நீங்க படிச்ச பள்ளிக்கூடத்துக்குப் போங்க. முன்னாள் மாணவர்னு சொல்லுங்க, குழுவுல இடமே இருக்கு. தலைமையாசிரியர்கிட்ட "விஷயத்தை நீங்க சொல்லுங்க, எழுதி நகல் எடுத்துத் தர்றது என் பொறுப்பு"ன்னு கேட்டுப் பாருங்க. மாசத்துக்கு ஒரு தாள், ஒரு பக்கம். என்ன எழுதணும், எதை விடணும்னு கடைசி முடிவு அவங்களோடதா இருக்கணும். அதுல மூக்கை நுழைச்சா மறுமாசம் வெளியே அனுப்பிருவாங்க :-)

நான் கேட்டுட்டேன். "பார்க்கலாம் தம்பி, ஆடி போகட்டும்"னு சொல்லியிருக்காங்க. நடந்தா இன்னொரு பதிவு போடுறேன்.

நான் பொய்யாப் படிச்ச அந்தக் கடுதாசியோட வாசகம் எனக்கு இன்னும் மனப்பாடமா இருக்கு. யாராவது ஒரு சார் அதை எந்த அம்மாவுக்காவது நிஜமா எழுதட்டும்.

டிஸ்கி: கணக்குல கெட்டிக்காரன்னு படிச்சேன்ல, அந்த வருஷம் கணக்குல நான் 37. உங்க ஸ்கூல்ல இருந்து வீட்டுக்கு வந்த கடுதாசிக் கதை இருந்தா பின்னூட்டத்துல அவுத்து விடுங்க.